ஆடாத தொட்டி

மறுபடியும் தலைகீழாகப் போய் நிற்கிறது சனியன். மணி பத்து நாற்பது. பன்னிரண்டுக்குப் பொள்ளாச்சிக்காரர் வருவார், ஆர்டர் கொடுத்தவர், அவர் கண்ணுக்கு முன்னால் திரையில் ராட்டினம் சுற்றியாக வேண்டும், நான் சக்கரத்தை மவுஸால் பிடித்துக் கால் சுற்று சுற்றினால் பன்னிரண்டு தொட்டிகளில் நான்கு பிட்டத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. உள்ளே உட்கார வைத்திருக்கும் பொம்மை மனிதர்கள், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த கோட்டு போட்ட வெள்ளைக்காரர்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே சிரிக்கிறார்கள். பொருட்காட்சி ராட்டினத்தில் கோட்டு போட்டுக்கொண்டு எவன் ஏறுவான். முதலாளி குழந்தைவேலு சாருக்கு அப்படித்தான் வேண்டும், ஆள் உட்கார்ந்திருந்தால்தான் வீடியோ எடுப்பாக இருக்குமாம். தொட்டிக்கு மேலே ஒரு துளை, துளைக்குள் ஒரு கம்பி, அந்தக் கம்பியில் அது தொங்குகிறது, அவ்வளவுதான் விஷயம். துளையும் கம்பியும் ஒரே அச்சில் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டேன். இடது பக்கமோ வலது பக்கமோ நகரக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, கம்பியைச் சுற்றி ஆடுவது. நிஜத்தில் அதை யாரும் சொல்லித்தர வேண்டாம், பூமி இழுக்கும், தொட்டி தொங்கும். இந்த மென்பொருளுக்குப் பூமி என்று ஒன்று இருப்பதே தெரியாது, இதற்கு மேலும் கீழும் ஒன்றுதான், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய புத்தி இவ்வளவுதான். இதற்கு மருந்து எனக்குத் தெரியும். பேரலல். தொட்டியின் தரையைத் தொடு, பூமிக்குப் பதிலாக வரைந்து வைத்த தளத்தைத் தொடு, பேரலல் என்று ஒரு க்ளிக், முடிந்தது, சக்கரம் எப்படிச் சுற்றினாலும் பன்னிரண்டு தொட்டியும் விறைத்துக்கொண்டு நேராக நிற்கும். இரண்டு நொடி வேலை. நாற்பது நிமிடமாக அந்த க்ளிக்கைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

நேரா நிறுத்தும்மா. காலையில் வந்ததும் அதைத்தான் சொன்னார். பத்து வருடமாக இந்த ஆள் என்னிடம் சொல்வது அது ஒன்றுதான், எந்த மெஷின் ஆனாலும், எது தொங்கினாலும், எது ஆடினாலும், நேரா நிறுத்தும்மா. சொல்லும்போது திரையைப் பார்க்க மாட்டார், கையில் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டே என் நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றுவார், நாற்காலி பின்னால் சாயும், நான் விழாமல் இருக்கக் கால் விரலை ஊன்றிக்கொள்வேன், அதுவும் அவருக்குத் தெரியாது. கழுத்துக்குப் பின்னால் விபூதி வாசமும் மின்ட் மிட்டாய் வாசமும் வரும். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, எங்க கோகிலா, அது சொன்னதைச் செஞ்சுரும் என்பார். முப்பத்தெட்டு வயதுப் பொம்பளையை அது என்பதில் என்ன பாசமோ. சொன்னதைச் செய்யும், ஆமாம், மிக்சி சொன்னதைச் செய்யும், மோட்டார் சொன்னதைச் செய்யும். இந்த ஆளின் குற்றங்களை நான் எண்ணி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு வேலை கொடுத்தது, அப்பா ஐசியூவில் இருந்தபோது எழுபது தடவை போன் செய்தது, என் டிராயிங்கை வேறொருவன் போட்டது என்று சொல்லிக் கொடுத்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன், மங்கவே மங்காது. பஸ்ஸில் போகும்போது, சாப்பிடும்போது, குளிக்கும்போதுகூட அந்த ஆளோடு மனசுக்குள் சண்டை போடுகிறேன், நான்தான் ஜெயிக்கிறேன், பிறகு ஆபீசுக்கு வந்து, சரிங்க சார் என்கிறேன். இப்போதும் அப்படித்தான் சொன்னேன், காலையில், சரிங்க சார், நேரா நிறுத்திடறேன். வாயில் கொழுக்கட்டை.

பக்கத்து நாற்காலியில் ரெக்ஸ்லின் காலை ஆட்டுகிறான். நாகர்கோவிலிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது, மூன்று வருடமாக ஆட்டுகிறான், மேஜை இரண்டு பேருக்கும் பொது, அவன் ஆட்டினால் என் மவுஸ் அம்புக்குறி நடுங்குகிறது. நிறுத்துடா என்றால் சிரித்துவிட்டு நிறுத்துவான், ஐந்து நிமிடத்தில் மறுபடி ஆரம்பிப்பான். ஆடட்டும். எல்லாரும் ஆடட்டும், என் தொட்டியைத் தவிர. அவன் ஒரு தடவை கேட்டான், என்னக்கா இவ்வளவு யோசிக்கிய, பேரலல் குடுத்துட்டுப் போவியளா என்று. கொடுப்பேன்டா. கொடுத்துவிட்டுத்தானே இரண்டு வருடமாகப் பஸ்ஸில் விரல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். காந்திபுரத்தில் ஏறுகிறேன், உட்கார இடம் இருக்காது, மேலே கம்பியை எத்தனையோ கைகள் பிடித்துக்கொண்டிருக்கும், நான் எண்ணுவேன், ஐந்து, ஐந்து, ஐந்து, மோதிரம் போட்ட ஐந்து, கிரீஸ் படிந்த ஐந்து. நடுவில் ஒரு கை கம்பியை முழுதாகப் பிடிக்காமல் இருந்தால் எட்டிப் பார்ப்பேன், விரல் மடங்கியிருக்கும், அவ்வளவுதான், ஐந்தும் இருக்கும். என்றைக்காவது ஒரு நாள் இரண்டு விரல்தான் இருக்கப்போகிறது. அது பொன்னுரங்கத்தின் கையாக இருக்கப்போகிறது. அந்த ஆளை நான் பார்த்ததே இல்லை, போட்டோவில்கூடப் பார்த்ததில்லை, எனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர், வயது நாற்பத்தொன்று, வலது கை, போன மூன்று விரல்.

பெருந்துறைப் பக்கம் ஒரு பெயிண்ட் அடிக்கும் தொழிற்சாலை. தலைக்கு மேலே சங்கிலி ஓடும், சங்கிலியில் வரிசையாகக் கொக்கிச் சட்டங்கள் தொங்கும், எண்பத்து நான்கு சட்டம், அதில் இரும்புச் சாமானை மாட்டிவிட்டால் பெயிண்ட் கூண்டுக்குள் போய்விட்டு வரும். அந்த லைனை இந்த மேஜையில் உட்கார்ந்து வரைந்தவள் நான். அந்தச் சட்டமும் இப்படித்தான், ஒரு துளை, ஒரு கம்பி, தொங்கும், ஆடும். நேரா நிறுத்தும்மா என்றார், நிறுத்தினேன், பேரலல், இரண்டு நொடி. லைனை முழுக்க ஓட்டி எங்காவது எதிலாவது இடிக்கிறதா என்று செக் பண்ணினேன், இடிக்கவில்லை, வளைவில் தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே நாற்பது மில்லிமீட்டர் இடம் இருந்தது, சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். நேராகத் தொங்குகிற வரைக்கும் நாற்பது மில்லிமீட்டர். வளைவில் வேகமாகத் திரும்பும்போது சட்டம் வெளிப்பக்கமாக வீசும் என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்காதது கூடப் பரவாயில்லை, மனுஷிதானே. லைன் ஓட ஆரம்பித்த நான்காவது மாதம் தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே பொன்னுரங்கத்தின் கை மாட்டியது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள். தூணில் மஞ்சள் போர்டு மாட்டினார்கள், கையை நீட்டாதீர் என்று. எங்கள் ஆபீசுக்குச் செய்தியாகத்தான் வந்தது, குழந்தைவேலு சார், அய்யோ பாவம் என்றார், வேறு வேலைக்குப் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது நான் அந்தப் பழைய ஃபைலைத் திறந்தேன். பேரலலை அழித்தேன். வளைவில் நின்ற சட்டத்தை மவுஸால் பிடித்து ஆட்டினேன். தூணில் தட்டியது. இன்னொரு தரம் ஆட்டினேன், தட்டியது. ஃபைலை மூடும்போது மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது, வேண்டாம் என்று அமுக்கினேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன், எலுமிச்சைச் சாதம், முழுக்கச் சாப்பிட்டேன். எண்பத்து நான்கு சட்டமும் இன்றைக்கும் அந்தத் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கின்றன, இந்த நொடியில் கூட ஒன்று திரும்பியிருக்கும்.

யாரிடம் சொல்வது. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, அவருக்கு மெஷின் என்றால் பைக் மட்டும்தான். குழந்தைவேலு சாரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆயிரம் தரம் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முதலில் கத்துவார். பிறகு, செக் பண்ணினது யாரு, கையெழுத்து யாருது என்பார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வாயைத் திறக்காதே என்பார். அதையும் மீறி நான் சொன்னால் என்னை வெளியே தள்ளி மொத்தப் பழியையும் என் தலையில் கட்டிவிடுவார். அப்படிப்பட்ட ஆள்தானே. அப்படிப்பட்ட ஆள்தான், பத்து வருடமாகப் பார்க்கிறேனே. அந்த ஆள் இப்படி இருப்பதால்தான் நான் வாயைத் திறக்கவில்லை, இல்லாவிட்டால் அன்றைக்கே சொல்லியிருப்பேன், சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொல்லியிருப்பேன். மூன்று விரலை எடுத்தது தூண் இல்லை, சட்டம் இல்லை, நேரா நிறுத்தும்மா என்ற அந்த வாய்தான். இதை நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது, அதனால் அடிக்கடி நினைக்கிறேன். ஒரு கட்டுக்குள் நிறுத்தப்பட்ட பெண், ஆட விடாத சமூகம் என்று இதை வைத்து எவனாவது கவிதை எழுதுவான், எழுதினால் செருப்பால் அடிப்பேன். நான் ஒன்றும் தொட்டி இல்லை. என்னை யாரும் கம்பியில் மாட்டவில்லை. எனக்கு வாய் இருக்கிறது, ஒரு வரி சொன்னால் போதும், அந்த வரியைச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஆள் அப்படிப்பட்டவர், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், எங்கே ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நிற்கிறேன்.

பதினொன்று பத்து. சரி, ஆட்டிப் பார்த்துவிடுகிறேன். இந்தத் தடவை ஆட்டித்தான் பார்ப்பேன். பேரலலுக்குப் பதிலாகக் கோணம் கொடுக்கலாம், இந்தப் பக்கம் இருபத்தைந்து டிகிரி, அந்தப் பக்கம் இருபத்தைந்து டிகிரி, அதற்குள் ஆடிக்கொள், அதைத் தாண்டாதே. பத்து நிமிடம் பிடிக்கும், பேரலலைப் போல இரண்டு நொடி இல்லை, ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு தொட்டிக்குக் கொடுத்தேன். சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக் கீழே நிற்கும்போது ஆட்டினேன், சும்மா ஆடியது. பக்கவாட்டில் நிற்கும்போது ஆட்டினேன், ஆடியது. உச்சிக்குக் கொண்டுபோனேன். உச்சியில் தொட்டி சக்கரத்தின் உள்பக்கமாகத் தொங்கும், அங்கே இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி ஒன்று போகிறது, உறுதிக்காகப் போட்டது, போட்டவளும் நான்தான். அங்கே ஆட்டினேன். கால் வைக்கும் பலகை அந்தக் குறுக்குக் கம்பியில் தட்டியது, டங் என்று ஸ்பீக்கரில் சத்தம் வந்தது, இரண்டும் சிவப்பாக மாறின. இருபத்திரண்டு டிகிரி. ராட்டினம் ஆள் ஏற்றுவதற்காக நிற்கும்போது உச்சியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள், ஆட்டுவார்கள். எல்லாரும் ஆட்டுவார்கள், நானும் ஆட்டியிருக்கிறேன், எதிரில் இருந்த சித்தி மகள் கத்தக் கத்த ஆட்டியிருக்கிறேன். பலகைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டுதான் ஆட்டினேன். கால். விரல் இல்லை, இந்தத் தடவை கால். பேரலலைப் போட்டால் இது எதுவும் தெரியாது, இடிக்கவில்லை, பூஜ்ஜியம் என்று பச்சையாகக் காட்டும், நான் கட்டத்தில் கையெழுத்துப் போடுவேன், சாயங்காலம் டிராயிங் தகடு வெட்டப் போய்விடும். முடியாது. இன்றைக்கு அந்த ஆளோடு ஒரு கை பார்த்துவிடுகிறேன். கத்தட்டும். நானும் கத்துவேன். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், ஆள் வர்ற நேரத்துல என்னம்மா இது என்பார், ராட்டினத்துல எவன் இருபத்தஞ்சு டிகிரி ஆட்டறான் என்பார், ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன், ஏழு பதில் வைத்திருக்கிறேன். கடைசியில், முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க என்று எழுந்துவிடுவேன், பையைக்கூட எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பதினொன்று ஐம்பதுக்கு வந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது, விபூதி, மின்ட்.

"ஆச்சுதாம்மா? அவரு சுந்தராபுரம் தாண்டிட்டாராம்."

"நேரா நிறுத்தலீங்க சார்." குரல் எனக்கே பிடிக்காத மாதிரி கீச்சென்று வந்தது.

"ஏன்?"

"ஆட விட்டுப் பாத்தனுங்க. உச்சியில நிக்கறப்ப கால் வெக்கிற பலகை குறுக்குக் கம்பியில தட்டுதுங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். "ஆட்டு."

ஆட்டினேன். டங்.

"இன்னொருக்கா ஆட்டு."

டங்.

"அட, தட்டுதே." வாய்க்குள் மிட்டாயை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒதுக்கினார். "பலகையில அறுபது குறைச்சுப்போடு. பத்துமா, பாரு."

அறுபது மில்லிமீட்டர் குறைத்தேன். ஆட்டினேன். இருபத்தைந்து வரைக்கும் போய் நின்றது, தட்டவில்லை. அந்தப் பக்கம் ஆட்டினேன், தட்டவில்லை.

"அப்பறம் என்ன. வீடியோவுக்கு மட்டும் நேரா வெச்சுக்க, வெட்டறதுக்கு ஆட விட்டதைச் செக் பண்ணிக் குடு." நிமிர்ந்தார். "இதையெல்லாம் நீ சொன்னாத்தானம்மா எனக்குத் தெரியும். நான் என்ன மவுஸ் புடிக்கிறவனா? உன்னைய நம்பித்தான உக்காந்திருக்கறேன்."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அவ்வளவுதானா. ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கத்தவில்லை. ஏழு பதிலும் வாயிலேயே நிற்கின்றன, ஒன்றுக்கும் கேள்வி வரவில்லை. கத்தியிருக்க வேண்டும் இந்த ஆள், ஒரு தடவையாவது கத்தியிருக்க வேண்டும், நாசமாய்ப் போகிறவர், இப்போதாவது திரும்பி வந்து கத்தட்டும், நான் காத்திருக்கிறேன். அன்றைக்கும் இப்படித்தான் குனிந்து பார்த்திருப்பாரா. ஆட்டு என்றிருப்பாரா. அட, தட்டுதே, தூணை நூறு தள்ளி வெக்கச் சொல்லு, அப்பறம் என்ன என்றிருப்பாரா. இல்லை, அது வேறு, அதில் ஏற்கனவே ஒருத்தன் விரல் போயிருந்தது, அதில் கத்தித்தான் இருப்பார், நிச்சயமாக, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்றுதான் இதையும் நினைத்துக்கொண்டிருந்தேன் பதினொன்று ஐம்பது வரைக்கும். இரண்டு வருடமாக இந்த ஆள் மேல் ஏற்றி வைத்ததெல்லாம் இறங்கி வருகிறது, இறங்கி என் மேலேயே வந்து உட்காருகிறது, தள்ள வேறு இடமில்லை. இரண்டு வருடத்தில் அந்தத் தூணைச் சுற்றி எத்தனை தரம் சட்டம் திரும்பியிருக்கும், எத்தனை பேர் அதன் பக்கத்தில் நின்றிருப்பார்கள், மஞ்சள் போர்டை நம்பிக்கொண்டு. ஒரு வரி. அறுபது குறைச்சுப்போடு என்கிற அளவுக்கு ஒரு வரி. அவர் வாசலுக்குப் போய்விட்டார், செருப்பை மாட்டுகிறார், வெளியே கார் ஹாரன் கேட்கிறது. இப்போது விட்டால் பொள்ளாச்சிக்காரர் வந்துவிடுவார், பிறகு சாப்பாடு, பிறகு நாளைக்கு, பிறகு அந்த ஆள் மறுபடியும் நாற்காலியைச் சாய்ப்பார், நான் மறுபடியும் குற்றம் எண்ண ஆரம்பிப்பேன், வசதியாக.

"சார்."

"என்னம்மா, காரு வந்துருச்சு."

"பெருந்துறை லைனுங்க."

"எது?"

"ஒருத்தருக்கு விரல் போச்சுதுங்களே. அதுலயும் நேரா நிறுத்தித்தான் செக் பண்ணியிருந்தனுங்க. ஆட விட்டா வளைவுல தூண்ல தட்டுதுங்க. அவரு கவனக்குறைவு இல்லீங்க. இன்னும் அப்படியேதான் ஓடிட்டிருக்குதுங்க."

மாட்டிய செருப்போடு உள்ளே வந்தார். இந்த ஆபீசுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை, அவர்தான் அந்த விதியைப் போட்டவர். என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார், இந்தத் தடவை நாற்காலியில் கை வைக்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், கோபம் இல்லை, பயம்தான் இருந்தது, வெறும் பயம், என்னுடையதைப் போலவே. வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"இப்பத்தான பாத்தே?" என்றார் மெதுவாக. "இதை ஆட்டிப் பாத்ததும் அது ஞாபகம் வந்துச்சு. அப்படித்தானம்மா?"

ஆமாங்க என்று சொல்லலாம். அவரே எடுத்துக் கொடுக்கிறார், நான் தலையை ஆட்டினால் போதும், சொன்னதைச் செய்கிறவள்தானே.

"இல்லீங்க சார். அவருக்கு விரல் போச்சுதுங்களே, அந்த வாரமே பாத்துட்டனுங்க."